கூடைக்குள் இருந்த மேஸ்திரிகள்

அன்றைக்கு டீக்கடை வாசலில் இருந்தவர்கள்.

ஒரு போலீஸ்காரர்.

ஒரு ஃபாரஸ்ட் கார்டு. சின்ன வயசு. தெற்கத்திப் பேச்சு.

ஒரு சைக்கிள்காரன். கேரியரில் சாக்கு போட்டு மூடின மூங்கில் கூடை.

டீக்கடைக்காரர்.

என் ஓரகத்தி. என் புருஷனுக்கு அண்ணன் பெண்சாதி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

நான்.

கூடைக்குள் பதினொரு பறவை.

சேரப்பணஞ்சேரி தாண்டி ஒரகடம் போகிற ரோடு. தொண்ணூற்றொன்று, ஆடி மாதம், புதன்கிழமை காலை. அந்த வருஷம் கோடையிலிருந்தே எங்கள் பக்கத்து ரோடுகளில் போலீஸ் நின்றது. ஏன் நின்றது என்று எல்லோருக்கும் தெரியும். அதை எழுத நான் வரவில்லை. எந்த மூட்டையைப் பார்த்தாலும் பிரி என்றார்கள். இந்தக் கூடையையும் பிரி என்றார்கள். உள்ளே மஞ்சளாகப் பறவைகள் இருக்கவே, ரோட்டோடு போய்க்கொண்டிருந்த ஃபாரஸ்ட் கார்டை நிறுத்திக் காட்டியிருக்கிறார் போலீஸ்காரர்.

நானும் அக்காவும் தகர டப்பாவோடு வயலுக்குப் போய்க்கொண்டிருந்தோம். எங்கள் வேலை குருவி ஓட்டுவது. கோடையில் நட்ட சொர்ணவாரி நெல் பால் பிடித்ததிலிருந்து அறுப்பு வரைக்கும் பரண் மேல் உட்கார்ந்து டப்பா தட்ட வேண்டும், கத்த வேண்டும். மற்ற மாதத்தில் களை எடுப்போம், நாற்று நடுவோம்.

டீக்கடைக்காரர்தான் கையைத் தட்டிக் கூப்பிட்டார்.

"சார், இன்னாத்துக்கு நீங்க ரெண்டு பேரும் மண்டய ஒடச்சிக்கிறீங்க? தோ வராங்க பாருங்க, குருவிக்கே கலெக்டருங்க. யம்மா, இங்க வாங்கம்மா!"

போனோம்.

சைக்கிள்காரன் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தான். "சாயக்குருவி சார். சில்லைக் குருவிக்கு மஞ்ச சாயம் அடிச்சு விக்கிறாங்க இல்ல, அது. பட்டணத்துல சந்தையில வாங்கினது. ஒரு பெரிய மனுசரு கேட்டாரு, எட்துகினு போறேன்."

போலீஸ்காரர் எச்சில் தொட்டுக் கட்டைவிரலால் ஒரு பறவையின் தலையைத் தேய்த்தார். விரலில் மஞ்சள் ஒட்டியது.

"சாயம்தான்யா இது. வுட்டுத் தொலைங்க. லாரி நிக்குது பாரு."

கார்டு விடவில்லை. "சந்தையில வாங்குனதுன்னா அது வேற விசயம். இங்கன வலை போட்டுப் பிடிச்சதுன்னா விட முடியாது. எனக்கு இந்தப் பக்கம் புதுசு. அம்மா, நீங்க சொல்லுங்க. இது உங்க ஊர்ப் பறவையா?"

அக்கா மூத்தவள். அவளைப் பார்த்துத்தான் கேட்டார். அவள் கூடைக்குள் எட்டிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்க்கவில்லை.

"இது எங்க பக்கத்து பறவயே இல்ல சார். நாங்க கண்ணால பாத்ததே இல்ல."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் ரோட்டைப் பார்த்தாள்.

எட்டு வருஷம் நானும் அவளும் ஒரே பரணில் உட்கார்ந்தவர்கள். நான் மூன்றாவது வரை படித்தேன். அவள் அதுவும் இல்லை. எங்களுக்குப் பறவைப் பெயர் யாரும் சொல்லித் தரவில்லை. ஓட்டி ஓட்டித் தெரிந்துகொண்டோம். முதலில் மூக்கைப் பார்ப்போம். தடிச்ச மூக்கு என்றால் நெல் தின்னும், டப்பாவைத் தட்டு. மெலிஞ்ச மூக்கு என்றால் பூச்சி தின்னும், சும்மா இரு. அவ்வளவுதான் எங்கள் படிப்பு.

மஞ்சளாக இருக்கிறவற்றுக்கு அவள் தனியாகப் பெயர் வைத்திருந்தாள்.

மார்கழியில் ஏரிக்கரை மரங்களுக்கு ஒன்று வரும். உடம்பு முழுக்க மாம்பழ மஞ்சள். றெக்கையில் கறுப்பு. கண்ணோரம் மை இழுத்த மாதிரி ஒரு கோடு. வெளியில் மாங்குயில் என்பார்கள். அவள் வைத்த பெயர் மைக்காரி. "பாரேன், பொண்ணு பாக்க வராங்கன்னு சொன்ன மாதிரி கண்ண தீட்டிகினு வந்துட்டா." அது தரைக்கு இறங்காது. நெல்லைத் தொடாது.

அதே குளிரில் வரப்பில் ஒன்று ஓடும். வயிறு மஞ்சள், வால் ஓயாமல் ஆடும். வாலாட்டி. நாற்றங்காலில் மாடு போனால் அதன் காலடியிலேயே ஓடிப் பூச்சி பொறுக்கும். செம்பரம்பாக்கம் ஏரியில் தண்ணீர் வடிகிற ஓரத்தில் நிறைய இருக்கும் என்று அந்தப் பக்கம் கட்டிக் கொடுத்த என் தங்கை சொல்வாள்.

புளிய மரத்துக்குள் சின்னதாக ஒன்று வருஷம் முழுக்க இருக்கும். மஞ்சள் வயிறு, கறுத்த றெக்கை, அதில் வெள்ளைக் கோடு. கண்ணில் படாது. நீளமாக ஒரு விசில் அடித்துவிட்டு இலைக்குள் போய்விடும். அதற்குப் பெயர் விசில்காரி. "பஸ்சு கண்டக்டருக்கு வாக்கப்பட வேண்டியவ" என்பாள் அக்கா.

முருங்கைப் பூவில் தொங்குகிற தேன்சிட்டுக்கும் வயிறு மஞ்சள்தான். கட்டைவிரல் அளவு. அதற்கு அவள் பெயர் வைக்கவில்லை. இத்தனூண்டுக்கு எதற்குப் பெயர் என்பாள்.

கடைசியாகத் தூக்கணாங்குருவி. எங்களுக்குக் கூலி கிடைக்கிறதே அதனால்தான். பால் நெல்லை மூக்கால் பிதுக்கிச் சப்பிவிட்டுப் பதரை விட்டுப் போகும். தையில் பார்த்தால் ஊர்க்குருவி மாதிரி மண் நிறம், ஆணா பெண்ணா தெரியாது. ஆனியில் ஆணுக்கு மட்டும் தலையும் நெஞ்சும் மஞ்சளாகும். முகம் கரி பூசின மாதிரி ஆகும். கூடு கட்டுவதும் ஆண்தான். பாதி கட்டி நிறுத்தும். தலைகீழாகத் தொங்குகிற சட்டி மாதிரி, நடுவில் ஊஞ்சல் கம்பி மாதிரி ஒரு குறுக்கு. அதில் தொங்கிக்கொண்டு றெக்கை அடித்துப் பெண்ணைக் கூப்பிடும். பெண் வந்து பார்க்கும். பிடித்தால் உட்காரும். அதற்குப் பிறகுதான் மீதியைக் கட்டும். பிடிக்காவிட்டால் அந்தக் கூடு அப்படியே அரையாகக் கிடக்கும்.

அக்கா அதற்கு வைத்த பெயர் மேஸ்திரி.

"எங்க வூட்லயும் ஒரு மேஸ்திரி கீறாரு. பாதி செவுரு கட்டிட்டு, மழ வரட்டும்னு படுத்துகினு கீறாரு. ஆனா இங்க பொண்ணு வந்து பாத்து ஓடிப் போக முடியாது. கட்டிகினு வந்தாச்சே."

சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். நானும் சிரிப்பேன். அவள் புருஷனுக்கு நிலையாக வேலை இல்லை. அது சிரிக்கிற விஷயம் இல்லை. ஆனாலும் சிரிப்போம்.

தொண்ணூறில் நிலக்காரர் வரப்போரத்துப் பனை ஒன்றில் கூடுகளைப் பார்த்துவிட்டார். ஆளை ஏற்றிக் காய்ந்த ஓலைக்கு நெருப்பு வைக்கச் சொன்னார். கூடு, குஞ்சு எல்லாம் போனது. மஞ்சள் பறவைகள் மட்டும் மேலே சுற்றிக் கத்தின. நாங்கள் பரணில் உட்கார்ந்து பார்த்தோம். அன்றைக்கு டப்பா தட்டவில்லை.

அதற்குப் பிறகு பாழுங்கிணற்றுப் பனையை நான் கண்டுபிடித்தேன். கருவேலங்காட்டுக்குப் பின்னால், கிணற்றுக்குள் சாய்ந்த பனை. ஓலையெல்லாம் தண்ணீருக்கு மேலே தொங்கும். ரோட்டிலிருந்து தெரியாது. வயலிலிருந்தும் தெரியாது. முள்ளில் குனிந்து போக வேண்டும். எரிந்த மரத்துப் பறவைகள் அங்கே போய்க் கட்டியிருந்தன.

அக்காவுக்கு மட்டும் காட்டினேன். வேறு யாருக்கும் காட்டவில்லை. என் புருஷனுக்கும் சொல்லவில்லை.

"நெல்லுல ஓட்டுவோம். கூட்டுல ஓட்ட வேணாங்க்கா" என்றேன்.

"இத்த நான் யாராண்டியும் சொல்ல மாட்டேண்டி" என்று என் உள்ளங்கையில் அடித்தாள். "குருவி இல்லன்னா நம்பளுக்கு கூலி ஏது?"

மத்தியானம் சோறு தின்ற பிறகு இரண்டு பேரும் போவோம். கிணற்றுக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் நான். அவள் கூடுகளை இடமிருந்து எண்ணுவாள், நான் வலமிருந்து எண்ணுவேன். கணக்கு ஒத்து வந்தால் திரும்பிவிடுவோம். ஒத்து வராவிட்டால் திரும்ப எண்ணுவோம். அவளுக்கு இருபதுக்கு மேல் தடுமாறும். அதற்கு என்னைத் திட்டுவாள். "நீ அந்தாண்ட இருந்து ஒரு கூட்ட திருடுற" என்பாள். தொண்ணூற்றொன்று ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைசியாக அப்படி எண்ணினோம்.

புதன்கிழமை அவள் இந்தப் பறவையைப் பார்த்ததே இல்லை என்றாள்.

கார்டு என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா."

நான் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். குனிந்ததும் வாசனை வந்தது. சாயத்து வாசனை இல்லை. பூலாங்கிழங்கு சேர்த்து அரைத்த குளியல் மஞ்சள். எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே அம்மி. பூலாங்கிழங்கைக் கூடப் போடுவது அக்கா வழக்கம். எனக்கு அந்த வாசனை தலைவலி தரும். எட்டு வருஷமாகச் சொல்லிப் பார்த்தேன், குறைக்கவில்லை.

அவள் கையைப் பார்த்தேன். நகத்தோரமெல்லாம் மஞ்சள். எங்கள் வீட்டில் செவ்வாய், வெள்ளிதான் மஞ்சள் குளி. அவள் செவ்வாய்க்கிழமை குளிக்கவில்லை, வயிற்று வலி என்று படுத்திருந்தாள். புதன்கிழமை விடிகிறபோது அம்மிச் சத்தம் கேட்டது. நான் குழம்புக்கு அரைக்கிறாள் என்று நினைத்தேன்.

நிஜ மஞ்சள் பறவைக்கு மேலே மஞ்சள் பூசியிருந்தார்கள். தேய்த்தால் ஒட்ட வேண்டும். ஒட்டினால் சாயக்குருவி என்று விட்டுவிடுவார்கள்.

டீக்கடை அண்டாவில் முந்தானை முனையை நனைத்தேன். ஒரு பறவையைக் கையில் எடுத்தேன். அதன் நெஞ்சு என் விரலில் அடித்துக்கொண்டது. தலையை மெதுவாகத் துடைத்தேன். துணியில் மஞ்சள் வந்தது. மறுபடியும் நனைத்துத் துடைத்தேன். கொஞ்சம் வந்தது. மூன்றாவது தடவை எதுவும் வரவில்லை. துணி வெறும் ஈரமாக இருந்தது. பறவையின் தலை மஞ்சளாகவே இருந்தது.

"சில்லை இல்ல சார்" என்றேன். "சில்லை இதுல பாதிதான் இருக்கும். இது தூக்கணாங்குருவி. எல்லாமே ஆணு."

"எல்லாமே ஆண்னு எப்படிம்மா சொல்றீங்க?"

"ஆடி மாசத்துல ஆணுக்கு மட்டும்தான் தல மஞ்சளா இருக்கும். இப்போ மாங்குயில் வராது. வாலாட்டி வராது. இத்தன பெருசுல, இந்த மூக்குல, மஞ்சத் தலன்னா இது ஒண்ணுதான்."

"எங்க பிடிச்சிருப்பான்?"

"அது எனக்குத் தெரியாது சார்."

தெரியும். சொல்லவில்லை. மரத்தையும் சொல்லவில்லை, அவளையும் சொல்லவில்லை. பறவை எது என்று கேட்டார்கள், அதற்கு மட்டும் பதில் சொன்னேன்.

போலீஸ்காரர் சைக்கிள்காரன் சட்டையைப் பிடித்தார். ஓர் அறைகூட விழவில்லை. அதற்குள்ளேயே அவன் தாடையால் காட்டிவிட்டான்.

"என்ன ஏன் சார் புடிக்கிறீங்க? தோ இந்த அக்காதான் மரத்த காட்னாங்க. மஞ்ச பூசிக் குடுத்ததும் அவங்கதான். கேளுங்க."

டீக்கடைக்காரர் சிரித்தார். "யம்மா, பறவைக்கே மஞ்ச நீராட்டு விழாவா? எனக்கு பத்திரிக வைக்கவே இல்லியே."

அக்கா டப்பாவைக் கையில் மாற்றிப் பிடித்தாள்.

கார்டு நல்ல மாதிரி. எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார், டப்பாக்களைப் பார்த்தார். சைக்கிளையும் அவனையும் மட்டும் கூட்டிக்கொண்டு போனார். போவதற்கு முன்னால் ரோட்டோரத்தில் கூடையைக் கவிழ்த்தார். ஒன்பது பறந்தன. இரண்டு சாக்கில் கிடந்தன. பறந்தவை தெற்கே போயின. கிணறு வடக்கே.

அக்கா வயலுக்கு வந்தாள். பரணில் ஏறவில்லை. கீழே நின்றுகொண்டு பேசினாள்.

"என்ன காட்டிக் குடுத்துட்டல்ல."

"நான் உன் பேர சொல்லல."

"வாய மூடிகினு ஆமான்னு சொல்லியிருந்தா போதுமே. உன்ன யாரு தொடச்சிக் காட்டச் சொன்னா? பெரிய டாக்டரம்மா."

காரணத்தையும் அவளே சொன்னாள். குன்றத்தூரில் குடியிருக்கிற ஒரு கம்பெனி மேனேஜர். பங்களாவில் பெரிய கம்பிக்கூண்டு கட்டியிருக்கிறார். மஞ்சளாகப் பத்துப் பறவை வேண்டும் என்றார். சைக்கிள்காரன் அவருக்குப் பழக்கம். பறவை போய்ச் சேர்ந்தால் அவள் புருஷனுக்கு அந்தக் கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் வேலை. யூனிஃபார்ம், தொப்பி, விசில். மாசம் பிறந்தால் சம்பளம்.

"என்னாண்ட சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொன்னா நீ வுட்டிருப்பியா?"

நான் மேற்கு மடைப் பக்கம் பார்த்து டப்பாவைத் தட்டினேன்.

"நெல்ல திங்கற குருவிதானடி அது. நாம ஓட்டினா கூலி, அவன் புடிச்சா குத்தமா? நிலக்காரரு கொளுத்தினாரே, அவர யாரு புடிச்சா? பொட்டைங்க எதையும் தொடாதன்னு சொல்லித்தான் வலய போட வுட்டேன். குஞ்சுக்கு தாய் இருந்தா போதாதா? ஆம்பள இல்லாம எத்தன வூடு ஓடுது, குருவி வூடு ஓடாதா?"

அவள் சொன்னதில் ஞாயம் இருந்தது. குஞ்சு இருக்கிற கூட்டுக்கு அது சரி. தாயே ஊட்டிவிடும். ஆனால் அரையாக நிற்கிற கூட்டை யார் முடிப்பது? மேஸ்திரி என்று பெயர் வைத்ததே அவள்தான். அவளுக்குத் தெரியாததில்லை.

இதை நான் அவளிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பாள். நானும் சிரித்திருப்பேன். அது எனக்கு வேண்டாம் என்று இருந்தது.

"என் புருசன் மறுபடியும் படுத்துகினு கீறத நீயே பாரு" என்று சொல்லிவிட்டுப் போனாள். வரப்பில் நேராகப் போனாள். திரும்பவில்லை.

மறுநாள் அவள் பரணுக்கு வரவில்லை. வேறு ஆள் வீட்டு வயலுக்குப் போனாள். அறுப்பு முடிகிறவரைக்கும் நான் தனியாக ஓட்டினேன். ஒரு கையால் தட்ட வேண்டும், ஒரு பக்கம் மட்டும்தான் பார்க்க முடியும். அந்த வருஷம் மேற்கு மடைப் பக்கம் சில்லைக் கூட்டம் இறங்கி நிறையப் பதர் விழுந்தது. நிலக்காரர் திட்டினார். வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் என் புருஷன் ஒரு வாரம் பேசவில்லை. பேசினபோது, "குருவி உனக்கு சொந்தமா, எங்க அண்ணன் சொந்தமா?" என்று கேட்டார். அத்தோடு விட்டார். அம்மி ஒன்றுதான். அவள் அரைத்து முடித்துக் கழுவிவிட்டுப் போன பிறகு நான் போவேன். வாசனை இருக்கும்.

மரம் விஷயம் வெளியே வந்துவிட்டது. ஆனால் நிலக்காரர் அதைத் தேடிப் போகவில்லை. போகவேண்டிய தேவை இல்லை. அந்த ஆடியில் நெல்லுக்கு வந்த மஞ்சள் தலையை விரல் விட்டு எண்ணலாம்.

ஆவணி பிறந்து அறுப்பு முடிந்த பிறகு ஒரு மத்தியானம் கிணற்றுக்குப் போனேன். முள்ளில் வலையின் துண்டு ஒன்று மாட்டியிருந்தது. எடுத்துச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டேன். வால் நீளமாக இறங்கின முழுக்கூடுகளில் இரண்டு மூன்றில் சத்தம் இருந்தது. பெண் குருவிகள் உள்ளே போய் வந்துகொண்டிருந்தன. அவற்றை விட்டுவிட்டேன்.

அரைக்கூடுகள் தனியாகத் தொங்கின. கட்டினபோது பச்சையாக இருந்த நார் காய்ந்து வைக்கோல் நிறம் ஆகிவிட்டது. ஒரு பெண் குருவி வந்தது. ஒரு அரைக்கூட்டின் குறுக்குக் கம்பியில் உட்கார்ந்தது. இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது. கூப்பிட யாரும் இல்லை. அடுத்ததற்குப் போனது. அதிலும் உட்கார்ந்து பார்த்தது. பிறகு பறந்துவிட்டது.

நான் என் பக்கத்தில் நின்று, முழுசும் அரையுமாக எல்லாக் கூடுகளையும் வலமிருந்து எண்ணினேன். பிறகு கிணற்றைச் சுற்றிப் போய் அவள் நிற்கிற இடத்தில் நின்றேன். கல்லில் அவள் வெற்றிலை துப்பின கறை இருந்தது. அங்கிருந்து இடமிருந்து எண்ணினேன்.

கணக்கு ஒத்து வந்தது.

இருபத்திரண்டு.